ஆக்ஸிஜன் சென்சார் வயரை நீட்டும்போது ஏன் சால்டர் போடக் கூடாது?

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நண்பன் ஒருவன் தன்னோட பழைய 1.3 லிட்டர் பெட்ரோல் செடானுக்கு புது எக்ஸாஸ்ட் ஹெடர் போட்டான். கம்பெனி மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, நாலு குழாய் ரெண்டாகி, ரெண்டு ஒன்றாகிற 4-2-1 வகை. சத்தம் நன்றாக இருந்தது, இழுவையும் கொஞ்சம் கூடியது. ஒரே ஒரு சிக்கல். பழைய மேனிஃபோல்டில் ஆக்ஸிஜன் சென்சார் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே இருந்தது. புது ஹெடரில் அதற்கான ஓட்டை, குழாய்கள் எல்லாம் சேருகிற இடத்தில், அரை மீட்டர் கீழே. வயர் எட்டவில்லை.

"மச்சான், நீதான் எலக்ட்ரானிக்ஸ்ல புலியாச்சே, நாலு வயரை நீட்டிக் குடேன்" என்றான். பள்ளிக்கூட நாளிலிருந்து சால்டர் அயர்ன் பிடித்த கை. நாலு வயரையும் வெட்டி, நடுவில் 60 செ.மீ. வயர் சேர்த்து, எட்டு ஜாயின்ட்டையும் பளபளவென்று சால்டர் போட்டு, மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டினேன். கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருந்தது, அதற்குத் துரு நீக்குகிற எண்ணெய் ஸ்ப்ரேயையும் தாராளமாக அடித்தேன். பார்க்க அழகான வேலை. போட்டோகூட எடுத்து வைத்தேன்.

ஒரு மாதத்தில் மைலேஜ் 14-லிருந்து 10-க்கு வந்துவிட்டது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்ஸைடு அதிகம் என்று சான்றிதழ் தர மறுத்துவிட்டார்கள். தப்பு என் கையில்தான் என்று ஒத்துக்கொள்ள எனக்கு மேற்கொண்டு ரெண்டு மாதம் ஆனது. அந்த ரெண்டு மாதத்தில் படித்ததும் சோதித்துப் பார்த்ததும்தான் இந்தக் குறிப்பு. ஹெடர் மாற்றுகிறவர்கள், வேறு இன்ஜின் ஏற்றுகிறவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் இது தேவைப்படும்.

சென்சார் என்ன செய்கிறது?

பெட்ரோல் முழுசாக எரிய, எடையில் 1 பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்வதும் இந்த அளவுக்கு மிக நெருக்கத்தில்தான். எரிந்து முடிந்த புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்து ஈசியு-வுக்குச் சொல்வது இந்த சென்சார். 1970-களின் பின்பாதியில் பாஷ் தயாரிப்பாக வோல்வோ கார்களில் முதலில் வந்தது.

உள்ளே இருப்பது சிர்கோனியா என்கிற பீங்கான், கொஞ்சம் இட்ரியா கலந்தது. வால்டர் நெர்ன்ஸ்ட் 1890-களின் இறுதியில் கண்டுபிடித்த விளக்கில் எரிந்ததும் இதே வகைப் பீங்கான்தான். சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால் இதன் வழியே ஆக்ஸிஜன் அயனிகள் நகரும். பீங்கானின் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. ரெண்டு பக்கத்து ஆக்ஸிஜனுக்கும் வித்தியாசம் இருந்தால் மின்னழுத்தம் உண்டாகும். எவ்வளவு என்று சொல்வதும் நெர்ன்ஸ்ட்டின் சமன்பாடுதான்.

700 டிகிரி செல்சியஸில் கணக்குப் போட்டால் விஷயம் எளிது. ரெண்டு பக்கத்து ஆக்ஸிஜன் விகிதம் பத்து மடங்கு மாறும்போதெல்லாம் மின்னழுத்தம் சுமார் 48 மில்லிவோல்ட் மாறும். அதாவது விகிதத்தில் ஒரு சைபருக்கு 48.

காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம். எரிபொருள் குறைவாக இருந்து புகையில் 1 சதவீத ஆக்ஸிஜன் மிஞ்சினால் விகிதம் 21. மின்னழுத்தம் 64 மில்லிவோல்ட், கிட்டத்தட்ட 0.06 வோல்ட். எரிபொருள் அதிகமாகிவிட்டால் ஆக்ஸிஜன் ஏறக்குறைய முழுசும் தீர்ந்துபோகும். அப்போது விகிதம் 1-க்குப் பின்னால் 19 சைபர் அளவுக்குப் போகும். 19-ஐ 48-ஆல் பெருக்குங்கள், 0.9 வோல்ட் வரும். சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஊஞ்சல் ஆடுவதற்குக் காரணம் இதுதான். குறைந்தால் "பெட்ரோல் போதவில்லை", ஏறினால் "பெட்ரோல் அதிகம்". ஈசியு அதற்கேற்ப இன்ஜெக்டரைக் கூட்டிக் குறைக்கும்.

இந்தக் கணக்கில் புகை ஒரு பாதிதான். மறுபாதி வெளிக்காற்று. அளவுகோலே அதுதான். அந்தக் காற்று எப்படி உள்ளே போகிறது?

வயர்தான் மூக்கு

ஆரம்பகால சென்சார்களில் வெளிக் கவசத்தில் சின்ன ஓட்டைகள் இருந்தன. சாலையில் ஓடும் வண்டியின் அடியில் ஓட்டை என்றால் தண்ணீர், சேறு, எண்ணெய் எல்லாம் உள்ளே போகும். அதனால் பின்னால் வந்த பல சென்சார்களில் உடம்பை முழுசாக மூடிவிட்டு, காற்றை வயர் வழியாகவே எடுக்க ஆரம்பித்தார்கள். வயரின் உள்ளே பத்துப் பதினைந்து மெல்லிய கம்பிகள் முறுக்கியிருக்கும். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே, கம்பிக்கும் மேலுறைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. கனெக்டர் தாண்டி எங்கோ குளிர்ந்த இடத்திலிருந்து அந்த இடைவெளி வழியாகக் காற்று சென்சாருக்குள் வந்து சேருகிறது.

முதல் தடவை படித்தபோது நான் நம்பவில்லை. வயர் என்பது செம்பு, அதில் காற்று எப்படிப் போகும்? அதனால் ஒரு சோதனை செய்தேன். நீங்களும் வீட்டில் செய்யலாம்.

30 செ.மீ. மல்டி ஸ்ட்ராண்ட் வயர் ஒன்று. அதன் ஒரு முனையை மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசி சிரிஞ்சின் வாயில் செருகி, சுற்றிலும் பசையால் காற்றுப் புகாமல் அடைத்தேன். மறுமுனையை டம்ளர் தண்ணீரில் முக்கி சிரிஞ்சை அழுத்தினேன். சின்னச் சின்னதாகக் குமிழிகள் வந்தன. வயருக்குள் காற்று போகத்தான் செய்கிறது.

அடுத்து அதே வயரை நடுவில் வெட்டி, சால்டர் போட்டு, பசை ஹீட் ஷ்ரிங்க் மாட்டி மறுபடி அழுத்தினேன். ஒரு குமிழி கூட இல்லை. உருகிய ஈயம் திரி எண்ணெயை உறிஞ்சுவது மாதிரி கம்பிகளுக்கு நடுவே ஏறி, இருந்த இடைவெளி முழுவதையும் அடைத்துவிட்டது. மிச்சத்தைப் பசை அடைத்தது.

நல்ல சால்டர் ஜாயின்ட் என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதுதான் இங்கே நல்ல அடைப்பு. மோசமாகச் சால்டர் போடத் தெரிந்தவன் அந்தக் காரைக் காப்பாற்றியிருப்பான்.

காரில் நடந்தது என்ன?

நண்பனின் காரில் முதலில் நான் சந்தேகப்பட்டது ஹெடர் கேஸ்கெட். சென்சாருக்கு முன்னால் எங்காவது கசிவு இருந்தால் புகையின் துடிப்போடு வெளிக்காற்றும் உள்ளே இழுக்கப்படும். சென்சார் அந்த ஆக்ஸிஜனைப் பார்த்து "பெட்ரோல் போதவில்லை" என்று பொய் சொல்லும். ஹெடர் மாற்றிய வண்டிகளில் இது சகஜம். கையை அருகில் வைத்தும் சோப்பு நீர் தெளித்தும் பார்த்தேன். கசிவு இல்லை.

அடுத்து வயரிங். டிஜிட்டல் மல்டிமீட்டரை சென்சார் பக்கத்துக் கனெக்டரில் ஒரு தடவை, ஈசியு பக்கத்தில் ஒரு தடவை வைத்தேன். ரெண்டிலும் ஒரே எண். இன்ஜின் நன்றாகச் சூடாகி, ஆக்ஸிலேட்டரைப் படாரென்று மிதித்தாலும் 0.25 வோல்ட்டைத் தாண்டவில்லை. ரெண்டு முனையிலும் ஒரே எண் என்பதால், "பார்த்தியா, என் ஜாயின்ட்ல குறையே இல்ல" என்று பெருமையாகச் சொன்னேன். மின்சாரத்துக்குக் குறை இல்லைதான். காற்றைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

பிளக் கறுத்திருக்கிறது, அதனால் பெட்ரோல் அதிகம். புகையில் ஆக்ஸிஜன் கிடையாது. 0.9 வர வேண்டிய இடத்தில் 0.25 வருகிறது. 0.25-ஐ 48 மில்லிவோல்ட்டால் வகுத்தால் ஐந்து. 19 சைபர் இருக்க வேண்டிய விகிதத்தில் ஐந்து சைபர்தான் இருக்கிறது. பீங்கான் நல்ல நிலையில் இருந்தால் இதற்கு ஒரே அர்த்தம், காற்று இருக்க வேண்டிய பக்கத்திலும் ஆக்ஸிஜன் ஏறக்குறைய இல்லை.

வயர் அடைத்துக்கொண்டதால் மட்டும் இவ்வளவு குறையுமா என்று கேட்டால், எனக்குச் சந்தேகம்தான். அடைபட்ட அறையில் ஆக்ஸிஜன் 21 சதவீதத்திலிருந்து 2 சதவீதம் ஆனாலும் போவது ஒரு சைபர், 48 மில்லிவோல்ட். ஈசியு-வால் சமாளிக்க முடிகிற குறை அது. பதினாலு சைபர் காணாமல் போக வேண்டுமென்றால் உள்ளே ஏதோ ஒன்று ஆக்ஸிஜனைத் தின்றிருக்க வேண்டும்.

அப்போதுதான் அந்த எண்ணெய் ஸ்ப்ரே நினைவுக்கு வந்தது. காற்று போகிற வழியில் எண்ணெயும் போகும். கனெக்டரில் அடித்தது கம்பிகளுக்கு நடுவே ஊறி, சூடான பீங்கானின் உள்பக்கம் ஆவியாகி, அங்கிருந்த ஆக்ஸிஜனோடு சேர்ந்து எரிந்திருக்கும். புதுக் காற்று வரும் வழியை நான் சால்டரால் அடைத்துவிட்டேன். ஒரு பக்கம் தின்கிற வாய், மறுபக்கம் மூடிய கதவு. ஆக்ஸிஜன் சென்சார் கனெக்டரில் எண்ணெய், கிரீஸ், கான்டாக்ட் கிளீனர் எதுவும் போடாதே என்று எச்சரிப்பது இதனால்தான்.

பிறகு நடந்தது சங்கிலித்தொடர். சென்சார் எப்போதும் தாழ்வாகவே காட்டியது. ஈசியு பெட்ரோலைக் கூட்டியது. அப்படியும் தாழ்வாகவே காட்டியது. இன்னும் கூட்டியது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னும் சில மாதம் ஓட்டியிருந்தால் உள்ளே இருக்கும் தேன்கூடு உருகியிருக்கக்கூடும். சென்சாரை விட அது பல மடங்கு விலை.

"நான் சால்டர் போட்டு அஞ்சு வருஷமா ஓடுதே?"

இப்படிச் சொல்கிறவர்கள் நிறைய பேர். பொய் சொல்லவில்லை. சென்சாருக்குத் தேவையான காற்று மிகக் கொஞ்சம். நாலு வயரில் ஒன்று திறந்திருந்தாலும் ஓரளவு போதும். மேலுறை ஓரமாகக் கசிந்து வந்தாலும் போதும். எல்லா சென்சாரும் வயர் வழியாகக் காற்று எடுப்பதும் இல்லை. அகலப்பட்டை எனப்படும் வைட்பேண்ட் சென்சார்களில் பாஷ் எல்எஸ்யு 4.9 வகை, தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைப் புகையிலிருந்தே மின்சாரத்தால் இறைத்து வைத்துக்கொள்கிறது. அதற்கு முந்தைய 4.2 வகைக்கு வயர் காற்று வேண்டும்.

ஆனால் சால்டருக்கு எதிராக வேறு ஒரு காரணமும் இருக்கிறது. ஈயம் ஏறிய இடம் விறைப்பாகிவிடும். விறைப்பான கம்பியும் வளையும் கம்பியும் சந்திக்கிற எல்லையில் இன்ஜின் அதிர்வு வேலை காட்டும். ஒருநாள் மேலுறைக்குள்ளேயே அறுந்துபோகும், வெளியே தெரியாது. ரேடியோவுக்குள் சால்டர் ராஜா. ஆடுகிற இன்ஜினுக்குப் பக்கத்தில் கிரிம்ப்தான் சரி.

அப்படியென்றால் எப்படி நீட்டுவது?

முடிந்தால் எதையும் வெட்டாதீர்கள். ஒரு முனையில் ஆண் கனெக்டரும் மறுமுனையில் பெண் கனெக்டரும் உள்ள நீட்டிப்பு வயர் ரெடிமேடாகக் கிடைக்கிறது. நடுவில் செருகினால் வேலை முடிந்தது. பிடிக்கவில்லையென்றால் கழற்றிவிடலாம்.

கிடைக்கவில்லை, வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சென்சாரின் சொந்த வயரை வெட்டாமல், காரின் வயரிங் பக்கம் வெட்டுங்கள். சென்சார் என்றாவது மாற்ற வேண்டிய பொருள், நீட்டிப்பு நிரந்தரம். வைட்பேண்டில் இது இன்னும் முக்கியம். அதன் கனெக்டருக்குள் ஒரு ரெசிஸ்டர் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு சென்சாருக்கும் தொழிற்சாலையில் அளந்து வைத்த திருத்தம் அது. கனெக்டரை வெட்டி எறிந்தால் அளவும் அதோடு போய்விடும்.

ஜாயின்ட்டுக்கு பட் கனெக்டர் போட்டு, சரியான கிரிம்பிங் டூலால் அழுத்துங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடலாம், போடவும் வேண்டும், தண்ணீர் புகக் கூடாதல்லவா. ஆனால் பசை மேலுறையைப் பிடிக்க வேண்டும், வெறும் கம்பிக்குள் வழியக் கூடாது. கம்பி முழுசும் கனெக்டர் குழலுக்குள் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. சிரிஞ்ச் சோதனையை இந்த ஜாயின்ட்டிலும் செய்தேன். அழுத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது, குமிழி வந்தது.

நிறத்தை நம்பாதீர்கள். இதில்தான் புது சென்சார்கள் நிறைய சாகின்றன. பாஷ் நாலு வயர் சென்சாரில் வெள்ளை ரெண்டும் ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் சிக்னலின் எர்த். டென்சோவில் கறுப்பு ரெண்டும் ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். ஒன்றில் சிக்னலான கறுப்பு இன்னொன்றில் ஹீட்டர். கறுப்புக்குக் கறுப்பு என்று சேர்த்தால் 12 வோல்ட் போகக் கூடாத இடத்துக்குப் போகும். சென்சார் குளிர்ந்திருக்கும்போது மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். சில ஓம் காட்டுகிற ஜோடிதான் ஹீட்டர். மற்ற ரெண்டுக்கும் நடுவே குளிர்ந்த நிலையில் எதுவும் காட்டாது. எது எதுவென்று தெரிந்த பிறகு, ஒரு நேரத்தில் ஒரு வயரை மட்டும் வெட்டி இணையுங்கள்.

வயர் தடிமனைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். 18 கேஜ் வயரின் மின்தடை மீட்டருக்கு 0.021 ஓம். 60 செ.மீ. போக, 60 செ.மீ. வர, மொத்தம் 0.025 ஓம். ஹீட்டர் ஒன்றரை ஆம்பியர் இழுத்தாலும் இழப்பு 0.04 வோல்ட். சிக்னல் வயரில் மின்னோட்டமே கிட்டத்தட்ட இல்லை. நீளம் சிக்னலைக் கெடுத்துவிடும் என்று சொல்வது தப்பான பயம்.

பயப்பட வேண்டியது சூட்டுக்கு. சாதாரண பிவிசி வயர் எக்ஸாஸ்ட் பக்கத்தில் இளகிவிடும். டெஃப்லான் உறை வயர் அல்லது கிராஸ்லிங்க் வயர் வாங்கி, மேலே கண்ணாடி நார் உறை போடுங்கள். ஸ்பார்க் பிளக் வயரிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள். சிக்னலையும் அதன் எர்த்தையும் ஒன்றோடொன்று முறுக்குங்கள். அந்த எர்த்தை எடுத்து பாடியில் மாட்டக் கூடாது. பாடிக்கும் ஈசியு-வுக்கும் நடுவே 0.1 வோல்ட் வித்தியாசம் இருந்தாலே ஒரு வோல்ட்டுக்குள் ஆடுகிற சிக்னலுக்கு அது பெரிய பொய். இன்ஜின் ஆடும்போது வயர் இழுபடாத அளவுக்குக் கொஞ்சம் தளர்வும் விடுங்கள்.

கடைசியாக, சென்சாரைக் கீழே தள்ளுவதால் புகை தாமதமாகப் போய்ச் சேருமே என்று கேட்கலாம். 1.3 லிட்டர் இன்ஜின் ஐடிலில் ஓடும்போது, 45 மி.மீ. குழாயில் புகை நொடிக்கு நாலு மீட்டர் சுமாராகப் போகும் என்று என் கணக்கு. அரை மீட்டருக்கு நொடியில் எட்டில் ஒரு பங்கு. ஓடும்போது அதைவிடக் குறைவு. தாமதத்தை விட சூடுதான் கேள்வி. ஹீட்டர் இல்லாத ஒற்றை வயர் சென்சாரை அவ்வளவு கீழே வைத்தால் ஐடிலில் 300 டிகிரிக்குக் கீழே குளிர்ந்து தூங்கிவிடும். ஹீட்டர் உள்ளதாக மாற்றியே ஆக வேண்டும்.

முடிவில்

நண்பனுக்குப் புது சென்சார் என் காசில் வாங்கினேன். என் எட்டு ஜாயின்ட்டையும் வெட்டி எறிந்துவிட்டு, கிரிம்ப் போட்டு நீட்டினேன். ஸ்ப்ரே இல்லை. இன்ஜின் சூடானதும் 2500 ஆர்பிஎம்மில் மீட்டர் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஓயாமல் ஆடியது. அடுத்த டேங்கில் மைலேஜ் 13.5. புகைப் பரிசோதனையும் தேறியது.

சென்சாரையும் ஜாயின்ட்டையும் ஒரே நாளில் மாற்றினேன். அதனால் சால்டரா, ஸ்ப்ரேயா, எது எவ்வளவு தப்பு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. புது சென்சாரைப் பழைய ஜாயின்ட்டில் மாட்டி ஒரு மாதம் ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதை நண்பனிடம் சொல்லியும் பார்த்தேன்.

"உன் ஆராய்ச்சிக்கு வேற கார் பாரு மச்சான்" என்றான்.

சிரிஞ்சையும் அந்தச் சால்டர் போட்ட வயர்த் துண்டையும் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். யாராவது "கரண்ட் போகுதுல்ல, அப்புறம் என்ன?" என்று கேட்டால் எடுத்துக் காட்டுவதற்கு.